குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக: மகளுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ,
ஏப்ரல் 27

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம்; உன் நலமறிய ஆவல். தண்டர் பேக்குப் பக்கத்து ஆறொன்றில் மூன்று மணி நேரம் லூர் என்னும் செயற்கை இரையை வீசியும் ஒரு மீன்கூட முட்டவில்லை என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து, உனக்கு இதை விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சிறுவயதில் என்னோடு போர்ட் ஹோப்புக்கு வரும்போதெல்லாம் நீ கனராஸ்கா ஆற்றங்கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாய். அப்போது சொல்லித்தராமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

முதலாவது, நீ சற்று முந்திப் போயிருக்கிறாய். நாங்கள் ஸ்டீல்ஹெட் என்று சொல்லும் மீன், ஏரியில் வளர்ந்து முட்டையிடுவதற்காக இளவேனிலில் ஆறேறும் ரெயின்போ ட்ரவுட்தான். பசிபிக் பக்கத்து ஆறுகளுக்கு உரிய இந்த மீனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பேரேரிகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். போர்ட் ஹோப் அணைக்கட்டில் மீன்கள் தாண்டி மேலேற அமைத்த மீன்வழியில் 1974 முதல் இவற்றை எண்ணி வருகிறார்கள். அங்கே ஏப்ரல் மாதம் மீன் நெருக்கியடித்து ஏறும். உன்னுடைய சுப்பீரியர் ஏரியோ எங்கள் ஒன்ராறியோ ஏரியைவிடக் குளிர், ஆகவே அங்கே மே மாதத்தில்தான் ஆறுகள் களைகட்டும். நாட்காட்டியைவிடத் தண்ணீரை நம்பு. ஒரு சிறிய வெப்பமானியை நூலில் கட்டி ஆற்றில் இறக்கிப் பார். 4 பாகைக்குக் கீழே என்றால் மீன் அடியில் படுத்துக்கிடக்கும், இரையைத் துரத்தி வராது. விடியற்காலையில் விறைத்து நிற்பதை விட்டுவிட்டு, வெயில் பட்டுத் தண்ணீர் ஓரிரு பாகை ஏறிய பிற்பகலில் போவதே இந்தக் காலத்தில் புத்தி.

இரண்டாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: நீ ரீலை வேகமாகச் சுற்றுகிறாய். நீ அனுப்பிய காணொளியில் அதைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலோரம் நாங்கள் தங்கூசி நூலில் கட்டிய தூண்டிலில் இறாலைக் குத்திப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அங்கே மணமே மீனைக் கூட்டி வந்தது. லூரில் மணமும் இல்லை, சுவையும் இல்லை. அசைவு ஒன்றுதான் அதற்கு இருக்கும் உயிர். பின்லாந்து மீனவர் லவுரி ராபலா, கூட்டத்தில் தடுமாறி நீந்தும் சிறுமீனையே பெரிய மீன் தேர்ந்து பிடிப்பதைக் கவனித்து, 1936இல் தக்கையைச் செதுக்கி அதே தடுமாற்றத்தோடு ஓடும் லூர் ஒன்றைச் செய்தார். குளிரில் மரத்துப்போன மீனுக்கு முன்னால் தடுமாறாமல் பாய்ந்தோடும் லூரை இழுத்தால், அது திரும்பிக்கூடப் பாராது.

ஆகவே இப்படிச் செய்து பார். ஆற்றுக்குக் குறுக்கே, நீர் வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்த்து வீசு. ஸ்பின்னர், அதாவது தகடு சுழலும் லூர், அமிழும்வரை இரண்டு மூன்று எண்ணு. பிறகு தகடு சுழலத் தொடங்குவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சுற்று. தடியின் நுனியில் ஒரு மெல்லிய அதிர்வு, பூனை உறுமுவதைப் போல, உன் விரலுக்கு வந்து சேரும். அந்த அதிர்வு அறாமல் இருக்கும் மிகக் குறைந்த வேகமே சரியான வேகம். மீதியை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். அது லூரை வில்லாக வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவரும். அந்த வளைவு முடிந்து லூர் உனக்கு நேராக, நீர் ஓடும் திசையில் நிற்கும் நொடியில் அவசரப்பட்டு இழுத்துவிடாதே. நான் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் அடித்தவைதான். இடையிடையே கல்லில் தட்டினால், நீ சரியான ஆழத்தில் இருக்கிறாய் என்று பொருள். லூர் ஒன்றிரண்டு போனாலும் கவலைப்படாதே.

வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிச் செல்லும் கோட்டையும், பாறைகளின் பின்புறத்தையும், மடு முடிந்து ஆழம் குறையும் வாலையும் தேடு. லூரின் தகடு, நீர் தெளிவாக இருந்தால் வெள்ளி, தேநீர் நிறமானால் பித்தளை, கலங்கினால் செம்மஞ்சள். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

ஆற்றில் இறங்குவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடம், தொடையளவு நீர்தானே என்று கனராஸ்காவைத் தனியே கடக்கப்போய்க் கல்லில் வழுக்கி விழுந்தேன். பத்தடி தூரம் நீர் உருட்டிக்கொண்டு போனது. பனி உருகிய அந்த நீரில் மூச்சை உள்ளிழுக்க முடியவில்லை, விரல்கள் மடங்கவில்லை. அம்மாவுக்கு இதை நான் பல வருடம் சொல்லவில்லை. நீ தனியே இறங்காதே, ஊன்றுகோல் கொண்டுபோ, நீர்க்காற்சட்டையின் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டு. முழங்காலுக்கு மேலே நீர் தள்ளினால் கரையிலிருந்தே வீசு.

அடியில் மற்ற இடத்தைவிட வெளிறித் துப்புரவாகத் தெரியும் சரளைத் திட்டுகளை மிதித்துவிடாதே. பெண் மீன் வாலால் கிண்டி முட்டையிட்ட இடம் அது. அங்கே நிற்கும் மீனுக்கு லூர் வீசுவதும் தகாது. இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு இறந்துபோகும் சினூக் சாமன் போலன்றி, ட்ரவுட் மீன்களில் பல, முட்டையிட்ட பின்னும் உயிரோடு ஏரிக்குத் திரும்பும். மெலிந்து பசியோடு இறங்கும் அந்த மீன்கள் லூரை ஆவேசமாக அடிக்கும். பிடித்தால் கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றி, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை தாங்கிப் பிடி. ஒன்ராறியோவை 20 மீன்பிடி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் மண்டலத்தின் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, சில ஆற்றுப் பகுதிகளில் பிடிக்கவே கூடாது. போகுமுன் அதை ஒருமுறை வாசித்துவிடு.

ஆறு ஸ்பின்னர்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் பித்தளைத் தகடு ஓரம் தேய்ந்து, நடுவில் பல் பதிந்த கீறல்களோடு பழசாகத் தெரியும். மூன்று கொக்கிகளில் இரண்டை நானே வெட்டிவிட்டேன், மிஞ்சியதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கியிருக்கிறேன். முதலில் அதையே கட்டு. மே நடுவில் உனக்கு எந்தச் சனிக்கிழமை வேலை இல்லை என்று சொன்னால், நான் விமானத்தில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா