முற்றவெளியில் கூழ் விற்ற அக்காவுக்கு

யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில் முற்றவெளியில் நடந்த மூன்று நாள் இசை, உணவு விழாவின் இரண்டாம் நாள். அம்மாவுக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. பின்னேரம் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமலே தவில் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. கூழுக்கு வரிசையில் நின்றபோது திடீரென்று வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அக்கா, நான் உங்களைக் கூப்பிடவே இல்லை. அகப்பையைப் போட்டுவிட்டு நீங்களாகவே ஓடி வந்தீர்கள். "சலரோகக் குளிசை எடுக்கிறவவோ பிள்ளை?" என்று கேட்டீர்கள், அவ்வளவுதான். இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது என்று உங்களுக்கு விளங்கிவிட்டது. உங்கள் கதிரையில் அம்மாவை இருத்தி, சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினீர்கள். நான் கூழையே கொடுக்கப் பார்த்தேன். "இப்ப சீனிதான் வேணும், கூழ் பிறகு" என்று தடுத்தீர்கள். கால்மணி நேரத்தில் அம்மாவுக்குத் தெளிந்தது. அதுவரை விசிறியைக் கீழே வைக்கவில்லை நீங்கள். வரிசையில் நின்றவர்களும் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

அப்புறம் ஒரு பனையோலைப் பிளாவில், காய்ந்த பனங்கிழங்கான ஒடியலில் காய்ச்சிய கூழ் வார்த்து, நண்டுக் காலை எடுத்துவிட்டு அம்மாவிடம் தந்தீர்கள். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் தேடி வந்தோம். உங்கள் இடத்தில் வேறு யாரோ பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்கூடக் கேட்காமல் விட்டது மனதை உறுத்துகிறது. அம்மா சுகமாக இருக்கிறா அக்கா. உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறா.