மஞ்சள் மூடியில் எடுத்த இரத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் டவுன் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து லைன் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு ஆபரேஷன். காலையில் இரத்தம் எடுத்தார்களாம், மதியம் மிஸி வந்து மறுபடியும் குத்தினாராம். "முதல்ல எடுத்தத வித்துட்டாங்களாண்ணே?" என்று கேட்கிறார். இரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், சிரிப்புதான் வந்தது, ஆனால் அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. விசாரித்தால், முதல் தடவை மஞ்சள் மூடி டியூப்பில் எடுத்திருக்கிறார்கள்.

அதில் ஜெல் இருக்கும், சுழற்றியதும் சிவப்பணுவுக்கும் சீரம் என்ற நீர்ப்பகுதிக்கும் நடுவில் வந்து அடைத்துக்கொள்ளும். கொழுப்பு, சிறுநீரகம் பார்க்க அது வசதி. தானம் வந்த இரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் கிராஸ்மேட்சுக்கு இரண்டுமே வேண்டும், அதனால் பெரும்பாலும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதா அல்லது இளஞ்சிவப்பு மூடியைத்தான் கேட்பார்கள்.

சரி, இது வார்டு சமாச்சாரம். ஆய்வுக்கூடத்துக்குள்ளும் இதே டியூப் தலைவலி உண்டு, அது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. கையால் செய்யும் கிராஸ்மேட்சுக்கு 12க்கு 75 மில்லிமீட்டர், சில இடங்களில் 10க்கு 75, கண்ணாடி டியூப். நோயாளியின் பிளாஸ்மா (உறையாத இரத்தத்தின் நீர்ப்பகுதி) 2 சொட்டு, தானம் கொடுத்தவரின் சிவப்பணுவை உப்புநீரில் கலந்து 1 சொட்டு. சுழற்றி எடுத்தால் அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி சிவப்பாக உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து மெதுவாக ஆட்டினால் அது புகையாகக் கலைய வேண்டும். கட்டி கட்டியாகக் கிளம்பினால் அந்த இரத்தப் பையைத் தொடக்கூடாது. அப்புறம் 37 டிகிரி சூட்டில் வைத்து, கழுவி, அணுவில் ஒட்டிய எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் கூம்ப்ஸ் சீரம் விட்டு மறுபடியும் இதே ஆட்டம்.

ஒரு சமயம் (எங்கே என்று சொல்லப் போவதில்லை) சில சென் மிச்சம் என்று பிளாஸ்டிக் டியூப் வாங்கிப் போட்டார்கள். அதன் சுவரில் நிலைமின்சாரம் ஏறி அணுக்கள் போய் அப்பிக்கொள்ளும். அப்பியதா, கட்டியதா என்று தெரியாமல் இரவு 2 மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நான், பிரசவ அறையிலிருந்து போன்மேல் போன். அதற்கும் முன்னால் கண்ணாடியையே கழுவிக் கழுவிப் பயன்படுத்திய காலம்; சோப்பு சரியாகப் போகாவிட்டால் அணு உடைந்து தண்ணீர் சிவந்துவிடும், அதையும் ஒத்துப்போகவில்லை என்றுதான் எடுக்க வேண்டும், நல்ல பை ஒன்று சும்மா திரும்பிப் போகும்.

பிளாஸ்டிக்கே கூடாது என்று சொல்லவில்லை. மாதிரி எடுத்து அனுப்ப உடையாத பிளாஸ்டிக்தான் நல்லது. ஆனால் டியூப் வாங்கக் கையெழுத்துப் போடுகிறவர்கள், விலையைப் பார்ப்பதோடு, ஒரு பாக்கெட்டை வாங்கி மேசையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கொடுங்கள். முடிவு தெரிந்த இரத்தத்தைப் பழைய டியூப்பிலும் புதியதிலும் ஓட்டிப் பார்க்கட்டும். அரை நாள் வேலைதான்.

ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
சுங்கை சிப்புட்