மறு வருஷம் பருத்தியை எடுத்தது யார்?

அன்புள்ள சுப்பையா,

கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போனபிறகு எனக்கு வாசிப்புதான் வேலை.

"அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்த மறு வருஷம் அந்தப் பருத்தியை யாருடா எடுத்தது?" என்று கேட்டிருந்தாயே. அதே ஜனங்கள்தான் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது கூலி வேலை இல்லை, நிலம். உள்நாட்டுப் போர் முடியப்போகிற நேரம், 1865 ஜனவரியில், இந்த மாநிலத்துச் சவானா நகரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கறுப்பினப் போதகர்கள் இருபது பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லோர் சார்பிலும் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், 67 வயது. தன்னையும் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து மீட்டுக்கொண்ட மனிதர். நிலம் கொடுங்கள், உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார். நாலே நாளில் உத்தரவு வந்தது: கடற்கரை ஓரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஏறக்குறைய 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கனுக்குப் பின் ஜனாதிபதியாக வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த வருஷமே நிலத்தையும் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டார். நட்ட பயிர் நட்டபடி நிற்க, ஜனங்கள் மறுபடி வெறுங்கையோடு நின்றார்கள்.

மிசிசிப்பியில் இன்னும் மோசம். ஜனவரி பிறந்தால் கறுப்பினத்தவர் எந்த முதலாளியிடம் வேலை என்று எழுத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று அபராதம். கட்ட முடியாதவனை, அபராதத்தைக் கட்டுகிறவனிடமே வேலைக்கு விட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே அந்த ஜனங்கள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்று ஜெயித்திருக்கிறார்கள். கங்காணிக்குக் கீழே கும்பலாக இறங்கி வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். பல பெண்கள் முதலாளியின் காட்டு வேலைக்கு முன்போல நாள் முழுக்க வர மறுத்தார்கள். இந்த மாநிலத்திலேயே ஓகல்தோர்ப் கவுண்டியில் பாரோ தோட்டம் என்று ஒன்று, சுமார் 2,000 ஏக்கர். அதன் 1860ஆம் வருஷத்து வரைபடத்தில் அடிமைகளின் குடிசைகள் முதலாளி வீட்டை ஒட்டி ஒரே கொத்தாக இருக்கின்றன. 1881 வரைபடத்தில் ஓடை ஓரமும் மேட்டிலுமாக வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தேவாலயமும் பள்ளிக்கூடமும் முளைத்திருக்கின்றன. முதலாளி குடும்பம் மட்டும் மாறவில்லை. இந்த இரண்டு படங்களையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்பாடு நம் வாரச் சாகுபடிதான். நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் முதலாளி கொடுத்தால் விளைச்சலில் பாதி அவருக்கு வாரம். கழுதையும் கலப்பையும் சொந்தமாக இருந்தால் அவருக்குப் போகும் பங்கு குறையும். கூலியும் இல்லை, கங்காணியும் இல்லை என்பதால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள்.

கழுத்தை இறுக்கியது வாரம் இல்லை, கடைக் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கொடுத்தவன் நீ, உனக்குச் சொல்ல வேண்டாம். போருக்கு முன் அடிமைகளையே அடமானம் காட்டிக் கடன் வாங்கிய பிரதேசம் இந்தத் தெற்கு. அந்த அடமானமும் போய், வங்கிகளும் நொடித்தபின், மிச்சம் இருந்த ஈடு காட்டில் நிற்கும் பயிர்தான். அறுவடை வரைக்கும் மக்காச்சோள மாவு, பன்றிக்கறி, துணி எல்லாம் கடைக்காரர் கடனுக்குத் தருவார், ரொக்க விலையைவிடக் கூட்டி. பருத்தி போட்டால்தான் கடன். போர் முடிந்த புதிதில் பவுண்டு 30 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1894 வாக்கில் 5 சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. கணக்கு முடிக்கையில் பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் மறு வருஷமும் அதே கடை, அதே பருத்தி.

போர்க்காலத்தில் இங்கிருந்து பஞ்சு போகாததால்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் நம் பக்கத்துப் பருத்தியைத் தேடின. தூத்துக்குடியிலிருந்தும் அப்போது மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது.

நிலம் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நீ சொல்வாய். ஆனால் சொந்த நிலம் வைத்திருந்த ஏழை வெள்ளைக்காரர்களும் இதே கடைக் கடனில் நிலத்தை இழந்து வாரக்குடி ஆனார்கள். என்றாலும், தன் 40 ஏக்கரில் கடன் இல்லாமல் தொடங்கியவன் முதலில் சாப்பாட்டுக்குத்தான் விதைத்திருப்பான் என்றே நினைக்கிறேன். உன் சங்க அனுபவத்தில் நீ என்ன சொல்கிறாய்? விவரமாக எழுது.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமசாமி