கியோட்டோ மாணவ நண்பர்களுக்கும் எங்களைத் தாங்கிய அனைவருக்கும் நன்றி மடல்

கியோட்டோ பல்கலைக்கழகங்களில் பயிலும் நண்பர்களுக்கும், எங்களுக்குத் தங்க இடமளித்த ஜப்பானியப் பங்கு மக்களுக்கும், எங்களை வழியனுப்பி வைத்த தூத்துக்குடிப் பெரியோர்களுக்கும் கிறிஸ்துவில் அன்பு வணக்கம்.

கடந்த நவம்பரில் எங்கள் இளையோர் குழு மேற்கொண்ட மறைப்பணிப் பயணம் இறையருளால் இனிதே நிறைவெய்தியது. நம் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கியவர் என்பதும், 1551 தொடக்கத்தில் கடுங்குளிரில் கியோட்டோவை அடைந்தவர் என்பதும் நம்மில் பலர் அறிந்ததே. பேரரசரைக் காணவும், ஹியெய் மலையின் பௌத்த அறிஞர்களோடு உரையாடவும் விரும்பிச் சென்ற அவர், போரால் சிதைந்து கிடந்த அந்நகரில் இரண்டுமே கைகூடாமல் திரும்பினார். இன்று கவாராமச்சியிலுள்ள பேராலயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருக்கு வாய்க்காத அந்த உரையாடல், அதே ஊரின் மாணவர்களோடு எங்களுக்கு வாய்த்தது என்றால், அதற்குக் காரணமானவர்கள் பலர்.

முதல் நன்றி, மாணவர் சந்திப்புகளை ஒழுங்கு செய்த அருள்சகோதரிக்கு உரியது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடத்திய ஓம் ஷின்ரிக்கியோ என்ற சமயக் குழுவில் நன்கு படித்த இளைஞர்கள் பலர் இருந்ததால், சமயத்தின் பெயரால் அணுகுவோரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு அறிவுறுத்துவது வழக்கமாகிவிட்டது. ஆகவே, நாங்கள் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களாக முன்வந்து தரும்வரை லைன் என்ற அரட்டைச் செயலியின் முகவரியைக் கேட்கக் கூடாது, எவரையும் தனியாக அழைத்துச் செல்லக் கூடாது என்று அச்சகோதரி கண்டிப்புடன் சொல்லியிருந்தார். எங்களுள் சிலருக்கு இது மிகையாகத் தோன்றியது உண்மை. ஆனால் முதல் மாலையிலேயே மாணவர்கள் தயக்கமின்றி எங்கள் அருகில் வந்து அமர்ந்ததைக் கண்டபோது, அந்தக் கண்டிப்பு எங்களுக்குச் செய்த உதவி விளங்கியது.

மாணவ நண்பர்கள் எங்களுக்காக ஏற்பாடு செய்த தகோயாகி விருந்தை மறக்க இயலாது. குழிகள் நிறைந்த இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, குழிக்கு ஒரு துண்டாகப் பேய்க்கணவாயை இட்டு, சிவந்த இஞ்சி ஊறுகாயைத் தூவி, அடிப்புறம் வெந்ததும் மூங்கில் குச்சியால் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி உருண்டையாக்க வேண்டும். குழிப்பணியாரம் சுட்டுப் பழகிய எங்கள் தங்கை ஒருத்தி குச்சியை வாங்கி ஒரு வரிசை முழுவதையும் சிதையாமல் திருப்பிவிட, அதுவரை ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்த மாணவர்கள்கூடக் கைதட்டிச் சுற்றி வந்து நின்றார்கள். மூன்றாம் ஆண்டிலேயே வேலை தேடும் படலம் தொடங்கிவிடுவதால் ஒரு மாணவர் நிறுவன விளக்கக் கூட்டத்திலிருந்து கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நேரே வந்திருந்தார். சுடச்சுட வாயிலிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு, சிரித்தபடியே தம் அச்சங்களை அவர் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஊர்ப் பட்டதாரிகள் பேசுவதும் அதைத்தானே!

சமயம் பற்றிய பேச்சை எடுத்தவர்களும் அவர்களே. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு முன் கல்வித் தெய்வத்துக்குரிய கிதானோ தென்மங்கு ஷின்தோ ஆலயத்தில் வேண்டிக்கொண்டதாகவும், கிறிஸ்துமஸ் இரவில் கேக்கும் பொரித்த கோழியும் உண்பதாகவும், ஆனால் தமக்கென்று மதம் எதுவும் இல்லை என்றும் ஒரு மாணவி கூறினார். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே உள்ள நாட்டில், இவ்வளவு வெளிப்படையாக எங்களிடம் பேசியதை நாங்கள் பெரும் மரியாதையாகக் கருதுகிறோம். நாங்கள் செபிப்பது எப்படி என்று அவர் கேட்டார், சொன்னோம். அவர் மனம் மாறினாரா என்று ஊரில் எங்களைக் கேட்பவர்களுக்கு, அதற்காக நாங்கள் அவரோடு அமரவில்லை என்பதே எங்கள் பதில்.

தம் ஆய்வுக்கூட வேலை முடிந்ததும் மிதிவண்டியில் விரைந்து வந்து, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் இடையே சலிக்காமல் மொழிபெயர்த்த தமிழ் ஆய்வு மாணவருக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி. பேசியவர் சற்று மௌனமானால், அவர் சொல்லி முடித்துவிட்டார் என்று எண்ணாமல் காத்திருங்கள் என அவர் சொல்லிக் கொடுத்திராவிட்டால், பல பேச்சுகளை நாங்களே இடையில் முறித்திருப்போம். இரவு நாங்கள் திரும்பும்வரை விளக்கை அணைக்காமல், குளிப்பதற்கு வெந்நீரும் நிரப்பி வைத்திருந்த முதிய தம்பதியருக்கும் நன்றி.

பங்குத்தந்தை, மறையுரைகளில் எங்களுக்காக வேண்டிக்கொண்ட அருள்பணியாளர்கள், ஒருநாள் மீன்பாட்டின் வருவாயில் ஒரு பங்கைப் பயணச் செலவுக்கு ஒதுக்கிய விசைப்படகு, நாட்டுப்படகு குடும்பத்தார் ஆகிய அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். வரவு செலவுக் கணக்கைப் பங்குப் பேரவையில் ஒப்படைத்துவிட்டோம்; விரும்புவோர் பார்வையிடலாம்.

கியோட்டோ நண்பர்களே, ஆகஸ்ட் 5 அன்று எங்கள் ஊரில் பனிமய மாதா திருவிழா. எல்லாச் சமயத்தாரும் கூடும் விழா அது. உங்கள் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அந்த நாள்களில்தான் தொடங்குகிறது. வருவதாகச் சொன்னவர்கள் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள். தங்குமிடம் எங்கள் வீடுகளில்; பணியாரச் சட்டியும் பேய்க்கணவாயும் எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
இளையோர் குழுவினர்,
தூத்துக்குடி