மணிக்கம்பி எங்கே போகிறது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எடின்பரோவில் குளிர் இன்னும் விலகவில்லை. மற்றபடி நாங்கள் நலம். சின்ன அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. வீட்டுப் பாகப்பிரிவினையில் தம்பி சொல்வதுதான் நியாயம் என்பது என் கருத்து; அதை நேரில் பேசிக்கொள்வோம்.

ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. உன் பேத்திக்குத் தனிப்பாடம் சொல்லித்தர வரும் பையன், “பிள்ளை மந்தம், கேள்வி மட்டும் அதிகம்” என்றானாம். நீயும் அதை அப்படியே நம்பி எனக்கு எழுதுகிறாய். வாழ்நாள் முழுவதும் இயற்பியல் கற்பித்தவன் நீ. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் ஒன்றாக இணைத்த மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கரும்பலகை நிறைய எழுதிவிட்டு, இரண்டடி பின்வாங்கி நின்று, கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்ப்பாயே! அந்த மேக்ஸ்வெல்லைப் பற்றியும் வீட்டில் பாடம் சொல்லித்தந்த இளைஞன் இதையேதான் சொன்னான். அந்தக் கதையை உனக்கு முழுக்கச் சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது.

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பிறந்தது இந்த ஊரில்தான், 1831 ஜூன் 13 அன்று. வீடு இருந்த தெருவுக்கு இந்தியா தெரு என்று பெயர். வளர்ந்ததோ ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், காலோவே வட்டாரத்தில், கிளென்லேர் என்னும் பண்ணையில். அக்காலத்தில் எடின்பரோவிலிருந்து குதிரை வண்டியில் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். கிளார்க்குகள் பெனிக்விக்கின் நிலக்கிழார்கள். மேக்ஸ்வெல் என்ற பெயர் மிடில்பி என்னும் இன்னொரு சொத்தோடு வந்து சேர்ந்தது. இரண்டு சொத்தும் ஒரே கையில் சேரக் கூடாது என்பது குடும்ப ஏற்பாடு என்பதால், அண்ணன் தம்பி இருவரில் மூத்தவருக்குப் பெனிக்விக்கும், இளையவரான ஜேம்ஸின் தந்தை ஜானுக்கு மிடில்பியில் முன்னோர் சுரங்கத்திலும் தொழிலிலும் விட்டது போக மிஞ்சியதும் கிடைத்தன. மிஞ்சியது சுமார் 1,500 ஏக்கர். அதில் நிலக்கிழார் ஒருவர் குடியிருக்கத் தக்க வீடுகூட இல்லை.

விசித்திரம் அந்தக் குடும்பத்தின் இரத்தத்திலேயே இருந்தது. ஜேம்ஸின் தாத்தா கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். நம் ஹூக்ளி ஆற்றில் கப்பல் உடைந்தபோது தம் பேக்பைப் என்னும் ஊதுகருவியின் தோற்பையை மிதவையாகப் பிடித்துக்கொண்டு கரையேறினார் என்றும், பிறகு அதையே ஊதி உடன் தப்பியவர்களைத் தேற்றியதோடு புலிகளையும் அண்டவிடாமல் விரட்டினார் என்றும் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். அந்த பேக்பைப் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எப்படி வளரும் என்று நீயே எண்ணிப்பார்.

தந்தை ஜான் கிளார்க் மேக்ஸ்வெல் வழக்கறிஞர்தான். ஆனால் மனம் முழுவதும் இயந்திரங்களில் இருந்தது. மகன் பிறந்த அதே ஆண்டில், கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தோடு வேறு இயந்திர அமைப்பைச் சேர்க்கும் திட்டம் ஒன்றைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். கிளென்லேர் வீட்டைத் தாமே திட்டமிட்டுக் கட்டினார். அதோடு நிற்கவில்லை, தாம் அணியும் உடையும் செருப்பும் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் தாமே தீர்மானித்தார். கால்விரல்களுக்கு இடம் வேண்டும் என்று செருப்பின் முனையைச் சதுரமாக்கினார். ஊர் என்ன நினைக்கும் என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

தாய் பிரான்சஸுக்கு ஜேம்ஸ் பிறக்கும்போது நாற்பது நெருங்கிவிட்டது. அதற்கு முன் பிறந்த பெண் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது. 1834 ஏப்ரலில் தன் சகோதரி ஜேனுக்கு அவள் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குக் கதவு, பூட்டு, சாவி இவற்றோடுதான் வேலை என்றும், “எப்படின்னு காட்டு” என்பதுதான் எந்நேரமும் வாயில் என்றும் எழுதியிருக்கிறாள். வீட்டில் ஒவ்வோர் அறையிலிருந்தும் வேலைக்காரர்களை அழைக்கும் மணிக்குக் கம்பி போகும் அல்லவா, அந்தக் கம்பிகள் சுவருக்குள் எங்கெங்கே நுழைந்து எங்கே வெளிவருகின்றன என்று துளை துளையாகக் காட்ட அப்பாவை வீடு முழுவதும் இழுத்துக்கொண்டு அலைகிறானாம். குளத்து நீர் சுவரைக் கடந்து, சிறு பாலத்தின் அடியில் புகுந்து, வடிகால் வழியே அர் ஆற்றில் விழுந்து, கொல்லன் பட்டறையைத் தாண்டிக் கடலுக்குப் போவது வரை கணக்கு வைத்திருக்கிறானாம். “இது எப்படி ஓடுது?” என்று கேட்பான், மழுப்பலாகப் பதில் சொன்னால், “அது சரி, குறிப்பா எப்படி ஓடுது?” என்று விடாமல் கேட்பான்.

மாப்பிள்ளை, இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். கம்பியை இழுப்பது இங்கே, மணி அடிப்பது அங்கே. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி. காந்தம் இங்கே, இரும்பு அங்கே. நடுவில் வெறுமைதான், விசை தாவிப் போகிறது என்ற விளக்கத்தை ஏற்காமல், காந்தத்தைச் சுற்றியுள்ள வெளியில் விசை பரவும் வழியைக் காட்ட விஞ்ஞானி ஃபாரடே சொன்ன விசைக்கோடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள வெளியில் நடப்பது என்ன என்று கேட்டவரும் அவரேதான். 1865இல் லண்டன் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு அதே கிளென்லேருக்குத் திரும்பினார்; 1873இல் வெளிவந்த மின்காந்தப் பெருநூலில் பெரும்பகுதியை அந்த வீட்டில்தான் எழுதினார். மணிக்கம்பியைத் தேடிய பிள்ளையே ஒளிக்கும் மின்காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை நீ மறுப்பாய் என்று தெரியும். மறுத்து எழுது, காத்திருக்கிறேன்.

உலகம் இந்தப் புகழைத் தந்தைக்குக் கொடுக்கிறது. எனக்கு அதில் பெரிய குறை உண்டு. எட்டு வயது வரை பாடம் சொல்லிக் கொடுத்தவள் தாய். பைபிளில் 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதம் முழுவதையும் அந்த வயதில் மனப்பாடமாகச் சொல்வான் என்றால் அது அவள் வளர்ப்பு. 1839 டிசம்பரில், வயிற்றில் புற்றுநோய் வந்து, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்து அறுவையையும் தாங்கி, 47 வயதில் அவள் இறந்தாள். செய்தியைச் சொன்னபோது, “நல்லதாப் போச்சு, அம்மாவுக்கு இனி வலிக்காது” என்றானாம் பிள்ளை. அதைப் படித்துவிட்டு அன்று மேற்கொண்டு என்னால் படிக்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1879 நவம்பரில், 48 வயதில் மேக்ஸ்வெல்லையும் அதே நோய் கொண்டுபோயிற்று.

தாய் போன பிறகு வந்தவன்தான் அந்த ஆசிரியன். அவனுக்கே பதினாறு வயதுதான். பிள்ளை மந்தம் என்று சொல்லி, தலையில் அளவுகோலால் அடித்தான். காதை இரத்தம் வரும்வரை திருகினான். ஜேம்ஸ் யாரிடமும் புகார் சொல்லவில்லை. ஒருநாள் சலவைத் தொட்டியில் ஏறி வாத்துக்குளத்தின் நடுவுக்குப் போய்விட்டான். அத்தை மகள் ஜெமைமா அதைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறாள். சுவருக்குள் ஓடும் கம்பியையெல்லாம் மகனோடு சேர்ந்து தேடிய தந்தையின் கண்ணில், பிள்ளையின் காதில் இருந்த காயம் மட்டும் படவில்லை! பாசத்தில் குறைவில்லாத மனிதர். வீட்டுக்குள் ஆசிரியர் என்று ஒருவரை அமர்த்திய பிறகு அவர் சொல்வதை நம்பிவிட்டார். கடைசியில் கண்டுபிடித்தது தாயின் சகோதரி ஜேன்தான். அவள் தலையிட்ட பிறகுதான் 1841 நவம்பரில் பிள்ளையை எடின்பரோ அகாடமியில் சேர்த்தார்கள். அந்த அடி வீண்போகவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்: கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் தயங்கித் திக்கும் வழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை என்றும், அதற்கு அந்த ஆசிரியனே காரணம் என்றும் பள்ளித் தோழர் லூயிஸ் கேம்பல் பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார்.

பள்ளியின் முதல் நாளில் அவன் போன கோலத்தைக் கேள். நகரத்துப் பிள்ளைகள் வழக்கமான உடையில் இருக்க, இவன் தந்தை வடிவமைத்த முரட்டுக் கம்பளி அங்கியும், சுருக்கு வைத்த கழுத்துப்பட்டையும், பித்தளைக் கொக்கி போட்ட சதுர முனைச் செருப்புமாகப் போய் நின்றான். செருப்பைத் தைத்தது யார் என்று கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். “ஒரு மனிதன், அவனுக்கு ஒரு வீடு, அதற்குள் ஓர் எலி” என்று தன் ஊர்ப் பேச்சிலேயே பாட்டாகப் பதில் சொன்னான். மாலையில் அங்கி கந்தலாகி வீடு திரும்பினான். ஆனாலும் சிரித்த முகத்தோடுதான் வந்தான். கிறுக்கன் என்று அவர்கள் வைத்த பெயர் பள்ளிக்காலம் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிறுக்கன்தான் பதினான்கு வயதில் ஊசியும் நூலும் கொண்டு முட்டை வடிவ வளைகோடுகள் வரையும் முறையைக் கண்டான். தந்தை அதை எடுத்துக்கொண்டு பேராசிரியர் ஃபோர்ப்ஸிடம் போனார். சிறுவன் சபையேறக் கூடாது என்பதால் 1846இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் ஃபோர்ப்ஸே அதை வாசித்தார்.

விசித்திரமான வீடு ஒரு பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று என் மருமகள் கேட்டாள். வெளியே போகும்போது அந்தப் பிள்ளை அடிபடும் என்பது உண்மை. ஆனால் எந்தக் கேள்வியையும் வாசலில் நிறுத்தாத வீடு அது. அடிபட்டுத் திரும்பும் பிள்ளை அங்கே வந்து சிரிக்க முடிந்தது.

ஆகவே, உன்னிடம் நான் கேட்பது இரண்டு. அந்தத் தனிப்பாடத்தை இந்த வாரமே நிறுத்து. நிறுத்தும் முன், அவன் அடிக்கிறானா என்று பேத்தியிடம் தனியாக, மெதுவாகக் கேட்டுப் பார், ஏனென்றால் பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அடுத்தது, மாலையில் ஒரு மணி நேரம் நீயே அவளோடு உட்கார். அவள் கேட்பதில் உனக்குப் பதில் தெரியாதவற்றை எழுதி எனக்கு அனுப்பு. இங்கே நூலகம் பக்கத்தில்தான் இருக்கிறது, தேடி எழுதுகிறேன். சித்திரையில் மதுரைக்கு வருகிறேன், மருமகளிடமும் சொல்லியாகிவிட்டது.

என்றும் உன்
மச்சான்