வாங்குகிறவரே அளந்தால் எப்படி? ரப்பர் வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரப்பர் வாரிய அதிகாரிகளுக்கும் கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் கொள்முதல் கடையில் நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். டிஆர்சி, அதாவது பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் சதவீதம், எப்படி 28-க்கு இறங்கியது என்று கேட்ட சிறு விவசாயிக்குக் கிடைத்த பதில், "நாளையில இருந்து வேற கடை பாத்துக்கிடும்." அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை, கணக்குதான் கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கடைக்காரரும் அவருடைய பாலை எடுக்கத் தயங்கினார்.

பாலை வாங்குகிறவரே டிஆர்சியை அளக்கிறார், அவர் சொல்லும் எண்ணே முடிவாகிறது. இந்த முறை மாற வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

பாலை உறையவைத்து ஷீட்டாக (ரப்பர் தகடாக) அடித்து வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. விலை பிடிக்கவில்லை என்றால் மார்த்தாண்டம் வரை கொண்டு போகலாம், ஒரு வாரம் புகைப்புரையிலேயே விட்டும் வைக்கலாம். பாலுக்கு அந்த வழி கிடையாது. விடியும் முன் வெட்டி, சிரட்டையிலிருந்து சேர்த்து எடுத்த பால், அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் திரிய ஆரம்பித்துவிடும். திரிந்து கட்டியானால் பால் விலை கிடைக்காது. கையில் கேனோடு நிற்பவர் பேரம் பேச முடியாமல் போவது இதனால்தான். கடைக்காரர் மிரட்டக்கூட வேண்டியதில்லை, நேரமே அவர் பக்கம் நிற்கிறது.

கடையில் பாலை எடை போடுவார்கள். ஒரு சின்னப் புட்டியில் மாதிரி எடுத்து நம்பர் எழுதுவார்கள். உடனே அந்தப் பால் மற்றவர்களின் பாலோடு பேரலில் கலந்துவிடும். டிஆர்சி எண் மறுநாளோ வாரக் கணக்கு முடிக்கும்போதோதான் வரும். அப்போது சந்தேகம் வந்தால் திரும்ப அளக்கப் பாலும் இல்லை, மாதிரியும் இல்லை. விற்றவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

நூறு கிலோ பாலில் எத்தனை கிலோ காய்ந்த ரப்பர் என்பதுதான் டிஆர்சி. பணம் அந்த எண்ணுக்குத்தான். ஒரு ஏக்கரில் சுமார் 180 மரம் வைத்திருப்பவர் ஒரு வெட்டுக்கு 30 கிலோ பால் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான டிஆர்சி 33 என்றால் 9.9 கிலோ ரப்பர். 30 என்று எழுதினால் 9 கிலோ. கிலோ 200 ரூபாய்க் கணக்கில் ஒரு வெட்டுக்கு 180 ரூபாய் போகிறது. வருடத்துக்கு நூறு வெட்டு என்றால் 18,000 ரூபாய். இதைத் திருட்டு என்று யாரும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் போனது கண்ணுக்கே தெரியாது.

எல்லாக் கடைக்காரரும் வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த அளவு தவறிப்போக எத்தனை வழிகள் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். சுமார் 10 கிராம் பாலை எடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டுத் திரிய வைத்து, 2 மில்லிமீட்டருக்குள் மெல்லியதாக அழுத்தி, கழுவி, 70 டிகிரி சூட்டில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை காயவைத்து எடை பார்க்க வேண்டும். இதற்குப் பல கடைகளில் வைத்திருப்பது 0.1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசு. 10 கிராம் மாதிரியில் 0.1 கிராம் என்றால் ஒரு முழு டிஆர்சி. 3.38 கிராம் இருக்கிற துண்டை 3.3 என்று எழுதினாலே 0.8 போய்விட்டது. 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்வதில் அர்த்தமே இல்லை.

பாலில் மிதக்கவிட்டு அளவு படிக்கும் மெட்ரோலாக் கருவியை வைத்துப் பார்ப்பது இன்னும் மோசம். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பார்த்தால், படித்த எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். நுரையால் பார்வை ஒரு கோடு தவறினால் தவறும் மூன்று மடங்காகும். பாலின் சூடு மாறினாலும் எண் மாறும். தோராயமாகத் தெரிந்துகொள்ள மட்டுமே அந்தக் கருவி உதவும். அதை வைத்துப் பணம் கொடுப்பதை வாரியம் இன்னும் அனுமதிப்பது ஏன்?

மாதிரி எடுக்கும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடை போட்டது அமோனியாக் கரைசல் ஊற்றுவதற்கு முன், மாதிரி எடுத்தது ஊற்றிய பின் என்றால், 30 கிலோ பாலில் 1 கிலோ கரைசல் சேர்ந்ததுமே 33 என்பது 32-க்குக் கீழே போய்விடும். பாலை நன்றாகக் கலக்காமல் மொண்டாலும் எண் மாறும்.

கேள்வி கேட்டால் வரும் பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "மழை பெய்யுதுல்லா, டிஆர்சி குறையத்தான் செய்யும்." உண்மைதான். மழையில் குறையும், பால் கூட வடிய எத்திபான் மருந்து தடவினால் குறையும், அடிக்கடி வெட்டினாலும் குறையும். ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் அதிகாரம் வாங்குகிறவர் ஒருவரிடமே இருந்தால், இயற்கையாகக் குறைந்தது எது, கை வைத்துக் குறைத்தது எது என்று யார் பிரித்துச் சொல்வது?

விவசாயி ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பீர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது முன்பணம் தந்தவர் அதே கடைக்காரர். மழையிலும் வெட்டு நடக்க மரத்தில் கட்டும் பிளாஸ்டிக்கும் பசையும் கடனாகத் தந்தவர் அவர். அமோனியாவும் அவரிடம்தான். இந்தக் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி கேட்பதில்லை. அதற்குப் பதிலாகப் பாலை வேறு கடைக்குக் கொண்டுபோகக் கூடாது. வட்டி எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது என்று விவசாயிக்குத் தெரியும், கேட்டால் கடனை ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்பதும் தெரியும்.

கடைக்காரருக்கும் மேலே ஆள் இருக்கிறது. தொழிற்சாலை தன் ஆய்வகத்தில் அளந்து எண்ணைக் குறைத்தால் அந்த நஷ்டம் அவர் தலையில் விழும். அதனால் அவர் முன்கூட்டியே கீழே குறைத்து வைக்கிறார். விவசாயிகளில் சிலர் அதைப் பால் வெட்டும் தொழிலாளியின் பங்கில் குறைக்கிறார்கள் என்பதையும் மறைக்கப்போவதில்லை. உச்சியில் இருப்பவர்களைக் கேட்பதே அரிது. ஐந்து டயர் நிறுவனங்கள் கூடிப் பேசி டயர் விலை வைத்ததாகச் சொல்லி இந்தியப் போட்டி ஆணையம் விதித்த 1,788 கோடி ரூபாய் அபராதம் 2022 பிப்ரவரியில் வெளியே வந்தது. அதே வருடம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. பெரியவர்களுக்கு மேல்முறையீடு இருக்கிறது. 30 கிலோ பால் கொண்டுவருகிறவருக்கு ஒரு மறுபரிசோதனைகூட இல்லை என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டோம், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

1947-ஆம் வருட ரப்பர் சட்டப்படி ரப்பர் வாங்கி விற்க வாரியத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தோடு சில நிபந்தனைகளைச் சேருங்கள். எடை போட்ட உடனே, அமோனியா ஊற்றும் முன், பாலைக் கலக்கி விற்பவர் கண் முன்னால் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரி இரண்டு புட்டியில் வேண்டும்: ஒன்று கடைக்கு, ஒன்று சீல் வைத்து விற்பவருக்கு. மாட்டுப் பால் சங்கத்தில் கொழுப்பும் இதர சத்தும் எழுதிச் சீட்டுத் தருவதுபோல, எடை, டிஆர்சி, அளந்த முறை, அன்றைய விலை ஆகிய நான்கும் எழுதிய சீட்டு கையில் வர வேண்டும். 0.01 கிராம் தராசு இல்லாத கடையில் பால் கொள்முதல் கூடாது. அந்தத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று மாவட்டத்தின் எடையளவு ஆய்வாளர்கள், பால் வரும் காலை நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மத்தியானம் போனால் பூட்டிய கடையைத்தான் பார்க்க முடியும்.

இவற்றோடு குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் வாரியப் பொறுப்பில் ஒவ்வொரு மறுபரிசோதனை மேசை. அங்கே வரும் எண் கடைக்காரரையும் கட்டுப்படுத்த வேண்டும். சந்தேகம் கேட்டார் என்பதற்காகப் பாலை மறுக்கிற கடையின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மேலே உள்ள எதையும் யாரும் பயன்படுத்தத் துணிய மாட்டார்கள்.

மழை குறைந்து பால் கூடும் முன் இது நடந்தால் இந்த வருட வெட்டுக்கே பயன்படும். நாகர்கோவிலில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வாரியத்தின் பதிலை எழுத்தில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்ட மலையோரச் சிறு ரப்பர் விவசாயிகள்