பாடாதே என்று சொன்னவன் எழுதுகிறேன்

நாகர்கோவில்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மக்களே,

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதையே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதக் கச்சேரியில் ஒரு பாட்டை உன்னைப் பாடச் சொன்னார்களாம். நீ முடியாது என்று சொல்லிவிட்டாயாம். "நான் ட்ரம்பெட் வாசிக்கிறவள், பாடகி இல்லைப்பா" என்றாய். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. அது உன் வார்த்தை இல்லை, என் வார்த்தை.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். மாடியில் உட்கார்ந்து ஸ்கேல் வாசி என்பேன். நீ இரண்டு தடவை ஊதுவாய், அப்புறம் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே ஸ்கேலை வாயால் பாடுவாய். பாடி முடித்து மறுபடி எடுத்து ஊதுவாய். நான் போலீஸ் பேண்டில் பழகியவன். பரேடில் ஊதுகிறவனுக்கு உதடுதான் சொத்து என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். "ஊதுகிறவள் பாடக் கூடாது, தொண்டையும் போகும் உதடும் போகும்" என்று உன்னை அதட்டினேன். நீ நிறுத்திவிட்டாய். அந்த மாடியில் அதற்கப்புறம் உன் குரல் கேட்கவே இல்லை. நான் சொன்னது உண்மைதானா என்று ஒரு நாள்கூட நான் யோசித்துப் பார்க்கவில்லை, மக்களே. ரிட்டயர் ஆன பிறகு நீ அனுப்பித்தந்த ஹெட்போனில் கியூபாவின் ட்ரம்பெட்காரர் அர்துரோ சாண்டோவாலைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உன் குழு வாசிக்கிற, கியூபா மேளமும் அமெரிக்க ஜாஸும் கலந்த லத்தீன் ஜாஸில் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ அவருடைய மேல் சுரங்களைத்தான் சொல்வாய். எனக்கு அவர் வாழ்ந்த விதமும் முக்கியமாகத் தெரிகிறது. பொறுமையாகப் படி.

1949-ல் கியூபாவில் ஆர்ட்டெமிசா என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் ஊர் பேண்டில் ஊதப் பழகினார். 1964-ல் தேசியக் கலைப் பள்ளியில் சேர்ந்து முறையாகக் கிளாசிக்கல் ட்ரம்பெட் படித்தார். அது வரைக்கும் ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு நாள் யாரோ அமெரிக்க ஜாஸ் மேதைகளான சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வாசித்த பழைய ரெக்கார்டைப் போட்டுக்காட்டினார்கள். அவ்வளவுதான், வாழ்க்கை திரும்பிவிட்டது.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஜாஸ் என்றால் எதிரி நாடான அமெரிக்காவின் சங்கீதம். 1967-ல் அரசாங்கமே நல்ல வாத்தியக்காரர்களைச் சேர்த்து ஒரு பெரிய குழு அமைத்தபோதுகூட, பெயரில் ஜாஸ் என்று வைக்கவில்லை, "நவீன இசை" என்றுதான் வைத்தார்கள். 1971-ல் சாண்டோவாலைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுத்தார்கள். அங்கே ஒளிந்து ஒளிந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைக் கேட்பார். கையும் களவுமாகப் பிடிபட்டு, சில மாதம் சிறையில் இருந்தார். பாட்டுக் கேட்டதற்குச் சிறை! சீருடை போட்டு 31 வருஷம் ஊதினவன் நான். நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

1973-ல் பியானோக்காரர் சூச்சோ வால்டெஸ், சாக்ஸபோன் வாசிக்கும் பக்கீட்டோ டிரிவேரா, இவர் எல்லாரும் சேர்ந்து இராக்கேரே குழுவை உண்டாக்கினார்கள். சாமி கும்பிடுகிற சடங்கில் அடிக்கிற பாட்டா மேளத்தை எலெக்ட்ரிக் கிட்டாரோடும் ட்ரம்பெட்டோடும் ஒரே மேடையில் வைத்தார்கள். 1979-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்துக்கு மறு வருஷம் கிராமி விருது கிடைத்தது.

அதற்கு முன்னால் 1977-ல் நடந்ததைத்தான் நான் அடிக்கடி உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அமெரிக்காவிலிருந்து ஒரு ஜாஸ் கப்பல் ஹவானா துறைமுகத்துக்கு வந்தது. அதில் டிஸ்ஸி கில்லெஸ்பி. சாண்டோவாலுக்கு இங்கிலீஷ் தெரியாது, டிஸ்ஸிக்கு ஸ்பானிஷ் தெரியாது. சாண்டோவால் தன் பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிக் காட்டினார், தெருவில் ரும்பா மேளம் அடிக்கிற இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் ட்ரம்பெட்காரன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மேடையில் எல்லாரும் கூடி வாசிக்கிறபோதுதான், தன்னைக் கார் ஓட்டிக் கூட்டிப்போன பையன் ட்ரம்பெட்டோடு நிற்பதை டிஸ்ஸி பார்த்தார். அந்த ராத்திரியிலிருந்து டிஸ்ஸி சாகும் வரை அவர்தான் இவருக்குக் குரு.

டிஸ்ஸிக்கும் கியூபாவுக்கும் முன்பே ஓர் உறவு உண்டு. அதை உண்டாக்கியவரும் ஒரு ட்ரம்பெட்காரர்தான், மரியோ பௌசா. ஹவானாவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவர், நியூயார்க்கில் ஒரு பாடகருக்கு அவசரமாக ட்ரம்பெட் ஆள் தேவைப்பட்டபோது, வாத்தியம் வாங்கிக் கொடுங்கள் நான் வாசிக்கிறேன் என்று சொல்லி இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாராம். 22 வயசில் ட்ரம்பெட்டை மறுபடி கையில் எடுத்தேனே, தாமதமாகிவிட்டதே என்று நீ போன வருஷம் புலம்பினாயே, அதற்காக இதைச் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகர் கேப் காலோவேயின் குழுவில் டிஸ்ஸி சேர வழி பண்ணியவர் பௌசா. பிறகு கியூபாவிலிருந்து வந்த காங்கா மேளக்காரர் சானோ போசோவை டிஸ்ஸிக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். 1947-ல் டிஸ்ஸியும் சானோ போசோவும் கார்னகி ஹாலில் சேர்ந்து வாசித்தார்கள். நீ இன்றைக்கு வாசிக்கிற சங்கீதம் இந்த மாதிரி ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் கொண்டுவந்தது. சாண்டோவால் கதைக்குத் திரும்பி வருகிறேன்.

1990-ல் டிஸ்ஸியின் குழுவோடு ஐரோப்பாவில் வாசித்துக்கொண்டிருந்தபோது சாண்டோவால் ஒரு முடிவு எடுத்தார். மனைவியும் மகனும் அப்போது கியூபாவுக்கு வெளியே, லண்டனில் இருந்தார்கள். ரோம் நகரத்தில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் அடைக்கலம் கேட்டார். டிஸ்ஸி கூடவே நின்று உதவினார். பிறந்த வீடு, ஊர், பேசிப் பழகின தெரு எல்லாம் அதோடு போச்சு. நீ டொரோண்டோவுக்குக் கிளம்பின அன்றைக்குத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நான் அழுததை நீ பார்க்கவில்லை, தூண் பக்கம் திரும்பி நின்றேன். ஆனால் நீ நினைத்தால் ஒரு டிக்கெட் எடுத்து நம் வாசலில் வந்து நிற்கலாம். அவரால் முடியாது. அந்த வித்தியாசம் அவர் ஊதுகிற மெல்லிய பாட்டுகளில் எனக்குக் கேட்கிறது.

அப்புறம் வந்த பெருமைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 10 கிராமி விருது, 2013-ல் ஒபாமா கையால் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம், 2024-ல் கென்னடி சென்டர் கௌரவம். மயாமியில் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். லண்டன் சிம்பொனியோடு கிளாசிக்கல் வாசித்தார், பியானோவுக்கென்றே ஓர் ஆல்பம் போட்டார். குறையும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே போக முடிகிறது என்பதற்காகவே சில சமயம் மேலே போய்விடுகிறார். நம் பரேடு மியூசிக்கில் மேல் சி என்கிற சுரத்துக்கு மேலே தேவையே இருக்காது, இவர் அதற்கும் ஒரு முழு ஸ்தாயி மேலே போய் நிற்கிறார். ஒன்றிரண்டு தடவை ஆச்சரியம், பத்தாவது தடவை காது களைத்துவிடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1993 ஜனவரியில் டிஸ்ஸி இறந்துபோனார். 19 வருஷம் கழித்து, 2012-ல், சாண்டோவால் குருவுக்காக 'டியர் டிஸ்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். டிஸ்ஸியின் பாட்டுகளைப் பெரிய பேண்டு வைத்து வாசித்திருக்கிறார். அதில் ஒரு பாட்டு, தினமும் உங்களை நினைக்கிறேன் என்று டிஸ்ஸியிடமே சொல்கிற பாட்டு. அதை ஒரு பெரிய பாடகரைக் கூப்பிட்டுப் பாடவைத்திருக்கலாம், யார் கேட்டாலும் வந்திருப்பார்கள். ட்ரம்பெட்டிலேயே வாசித்திருக்கலாம், உலகத்தில் அவரைவிட நன்றாக வாசிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர் தானே பாடினார். பயிற்சி எடுத்த பாடகனின் குரல் இல்லை அது. 60 தாண்டிய ஒரு மனுஷன் செத்துப்போன குருவிடம் பேசுகிற குரல். இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன், மக்களே. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மாடியைப் பார்த்தேன். உன்னை அதட்டினது நினைவுக்கு வந்தது.

கச்சேரியிலும் அவர் பாடுவார். வார்த்தை இல்லாமல் வாயாலேயே ட்ரம்பெட் வாசிப்பதுபோல் ஸ்காட் பாடுவார், உடனே ட்ரம்பெட்டை எடுத்து ஊதுவார். தொண்டையும் போகவில்லை, உதடும் போகவில்லை. அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடவும் செய்தார், ஊதவும் செய்தார். டிஸ்ஸியே மேடையில் பாடியவர்தான். கன்னத்தை உப்பவிடாதே என்று நான் உன்னிடம் கத்துவேனே, டிஸ்ஸி தவளை மாதிரி கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டுதான் ஆயுசு முழுவதும் ஊதினார். நான் உனக்குச் சொன்ன சட்டங்களில் எத்தனை பரேடு மைதானத்துக்கு மட்டும் பொருந்துகிறவை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

நீ பன்னிரண்டு வயசில் செய்தது சரி. எப்படிச் சரி என்று வாத்தியக்காரனாகவே சொல்கிறேன். ட்ரம்பெட்டில் மூன்றே வால்வ். ஒன்றையும் அமுக்காமல் ஊதினால் கீழ் சி வரும், ஜி வரும், அதற்கு மேலே சி, ஈ, ஜி எல்லாம் அதே விரலில் வரும். எது வர வேண்டும் என்று முடிவு செய்வது உதடும் காற்றும். அந்த உதட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது காது. ஹார்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் சுரம் வந்தே தீரும். நம் வாத்தியத்தில் அந்தச் சுரம் ஊதுவதற்கு முன்பே மண்டைக்குள் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் சுரத்தில் போய் உடைந்து விழும். பாடிப் பார்த்தவனுக்குத்தான் முன்பே கேட்கும். நம் ஊரில் நாதஸ்வரம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை முதலில் வாய்ப்பாட்டில் உட்காரவைப்பது இதனால்தான். யாரும் சொல்லாமலே அது உனக்குத் தெரிந்திருந்தது, நான்தான் வாயை மூடவைத்தேன். போன மாதம் மேல் சுரம் உடைந்தது என்று அழுதாயே, அதிலும் எனக்குப் பங்கு இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

என்னை மன்னித்துக்கொள், மக்களே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குழுவினரிடம் போய், பாடுகிறேன் என்று சொல். இடம் இன்னும் காலியாக இருந்தால் அந்தப் பாட்டையே பாடு. பாடி முடித்ததும் உடனே மேலே ஏறி வாசிக்காதே. நாலு தாளக்கட்டு விட்டு, தண்ணீர் ஒரு வாய் குடித்து, நடு சுரத்தில் நீளமாக ஒரு நோட் பிடித்து அப்புறம் ஏறு. காய்ந்த உதட்டோடு மவுத்பீஸை அழுத்தினால் மறுநாள் வீங்கும். இது மட்டும் பரேடுக்கும் பொருந்தும், ஜாஸுக்கும் பொருந்தும். வீட்டில் பாடிப் பழகும்போது போனில் பதிவு செய்து அனுப்பு, எப்படி இருந்தாலும் சரி. பாட்டு ஸ்பானிஷா இங்கிலீஷா என்று அம்மா கேட்கிறாள்.

உன் பழைய ட்ரம்பெட்டை நேற்று எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். இரண்டாவது வால்வ் இப்போது ஒட்டவில்லை. தண்ணீர் விடுகிற சாவியின் கார்க் மட்டும் உதிர்ந்துபோயிருக்கிறது, இங்கே கடையில் கேட்டேன், கிடைக்கவில்லை. மார்ச்சில் வரும்போது இரண்டு வாங்கிக்கொண்டு வா.

உன்
அப்பா